சுவர்வரைக்கும் கோடு

எண்ணத் தொடங்கி மூன்று நாளாகியும் வின்சென்டின் கரும்பலகையில் நாலைந்து கோடுகள்தான் இருந்தன.

ஜார்ஜ்டவுனுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் ஒரே டெலிபோன் லைன். ஒருவர் பேசும்போது இன்னொருவர் லைன் கேட்டால், "லைன் இல்லை" என்று சொல்லி ஒரு கோடு போட வேண்டும். சனிக்கிழமைக்குள் கோடுகள் நிறைந்தால் டெலிபோன் ஆபீஸ் துரை இரண்டாவது லைன் போடுவார்; ஜார்ஜ்டவுன் முனையில் தற்காலிக ஆப்பரேட்டரான வின்சென்டின் வேலையும் நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் டோரதியைக் கட்டிக் கொடுப்பேன் என்று அவள் அப்பா சூசை சொல்லியிருந்தார். அவர் புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் கிளார்க். பக்கத்து ஊர் சிம்பாங் அம்பாட் வாத்தியார் ஒருவரும் டோரதியைக் கேட்டு வந்திருந்தார்.

வின்சென்ட் அரிசிக் கிட்டங்கி பழனியப்பனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்த வாரம் போன்ல நெறையப் பேசுங்க. எண்ணிக்கிட்டு இருக்கோம்."

"எண்ணுறீங்களா? அப்ப அடுத்த மாசம் ஒவ்வொண்ணுக்கும் காசு கேப்பீங்க லா!"

செய்தி பாசார் கடைகள் முழுக்கப் பரவியது. வியாழக்கிழமை காலை யாரும் போனைத் தொடவில்லை.

வின்சென்ட் மறுமுனை ஆப்பரேட்டர் பஷீரைப் பிடித்தான்.

"தம்பி, நாமளே பேசி லைனை அடைச்சிருவோம். யார் கேட்டாலும் இல்லேன்னு சொல்லிடு."

"என்னத்தண்ணே பேசுறது?"

"எதையாச்சும்."

பஷீர் காலையில் சாப்பிட்டதைச் சொன்னான். பிறகு மீன் விலை. பிறகு சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் கம்பியின் இரைச்சலைக் கேட்டபடி வெகுநேரம் சும்மா இருந்தார்கள். அப்போதும் லைன் அடைபட்டே இருந்தது.

"அண்ணே, ஒரு ஆள் கேக்குறாரு."

"இல்லேன்னு சொல்லு." ஒரு கோடு.

"மறுபடியும் கேக்குது."

"இல்லேன்னு சொல்லுப்பா!" இன்னொரு கோடு.

வெள்ளிக்கிழமை மாலை பலகையில் இடமில்லாமல் சுவரிலும் கோடு போட்டான். துரை வந்து பார்த்தார். "இத்தனை பேருக்கா லைன் கிடைக்கவில்லை!" என்று அதிர்ந்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை வின்சென்ட் போனில் கத்தினான்.

"பஷீரு, வேலை நிரந்தரம்! ஸ்டேஷனுக்கு லைன் குடு, சூசை ஐயாகிட்ட நான் பேசணும்."



"அவரா? இப்பத்தான் நேர்ல வந்து என்னை ஏசிட்டுப் போறாரு."

"உன்னை எதுக்கு?"

"அந்தக் கோடெல்லாம் அவர் ஒருத்தர் கேட்டதுதாண்ணே. வேலை நிரந்தரமாகாட்டியும் பரவால்ல, பொண்ணு உங்களுக்குத்தான்னு சொல்ல ரெண்டு நாளா லைன் கேட்டாராம். கிடைக்கலே, வாத்தியார் வீட்ல பதில் கேட்டு நெருக்குனதும் அவருக்கே பேசி முடிச்சு, நாளைக்கு மாதா கோயில்ல ஊரறியக் கல்யாண அறிவிப்பு ஓலை படிக்கச் சொல்லிட்டாரு லா."