சாக்பீஸ் மேஸ்திரி லாரியில் ஒரு சீட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது நாலாம் வகுப்பு, இப்போது ஞாபகமும் தப்புகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று நிச்சயம். லாரி உருவாவதற்கு முன்பே அதில் ஒரு தெருவையே ஏற்றிய மனிதர் உலகத்தில் சாக்பீஸ் மேஸ்திரி ஒருவர்தான்.

நிஜாம் காலம், யுத்தம் முடிந்த சமயம். செகந்திராபாத் லாலாகுடாவில் எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. கிணறுகளில் பைப் இறக்கி பம்பு மாட்டுவது தொழில். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். சோற்றுத் தட்டு வைக்கக்கூடத் தரையில் வட்டம் போட்டுப் பார்ப்பார் என்பார் என் வீட்டுக்காரர்.

பட்டாளத்தில் கழித்துப் போட்ட லாரி ஒன்றை வாங்கினார். இஞ்சினும் சக்கரமும்தான் மிச்சம். மேலே மரத்தில் கட்டித் தருவதாகத் தச்சர் காதர் பாய் ஏற்றுக்கொண்டார். உடனே மேஸ்திரி அந்த லாரியைத் தெருவிலேயே முழு அளவில் கோடு போட்டு வரைந்துவிட்டார். அளவு பார்க்க என் வீட்டுக்காரரை டிரைவர் இடத்தில் உட்கார வைத்தார். கியருக்கு எங்கள் வீட்டு உலக்கை. டிரைவருக்குப் பக்கத்தில் டூல் பெட்டி, பின்னால் பைப்.

மறுநாள் விடியலில் என் மாமியார் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டார்.

"இன்னாம்மா, ஸ்டீரிங்கையே கழுவிட்டீங்களே" என்றார் மேஸ்திரி.

"உன் லாரி என் வாசல்ல நின்னா கழுவத்தான் செய்வேன்."

மேஸ்திரியின் சம்சாரம் கன்னியம்மா அக்காவுக்கு மூச்சிரைப்பு. குழாயடிக்குப் போய் வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவாள். அவர் வேலைக்குப் போன பிறகு இழுப்பு வந்தால் கிட்டே ஆள் கிடையாது. தனியாகக் கிடந்தே போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு. ஒரு நாள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து, டூல் பெட்டிக்கான கோட்டுக்குள் உட்கார்ந்து அரிசி பொறுக்கினாள்.

"ஏய், அது பைப்பக் கவ்வுற வைஸ் வெக்கிற எடம்."

"வைஸ என் மடியில வெய்யி. நானும் கூட வரேன்."

அவளுக்கு சீட்டு போட்டால் பெட்டி பின்னால் போகவேண்டும். பைப்புக்கு இடம் குறையும். ஒரு நடை வேலை இரண்டு நடை ஆகும். பெட்ரோல் ரேஷனில் வந்த காலம் அது. மேஸ்திரி அழித்து அழித்துக் கோடு போட்டார். அவளும் தினமும் வந்து உட்கார்ந்தாள். பேசக்கூட மூச்சில்லாத நாளிலும் உட்கார்ந்தாள்.

கடைசியில் காதர் பாய்க்குப் பொறுக்கவில்லை. "மேஸ்திரி, கட்டை அறுக்கணும். பொட்டியா, பேகமா?"

மேஸ்திரி பெட்டிக்குப் போட்ட கோட்டைக் காலால் அழித்தார். "சீட்டே போடு பாய்."

"ஹவ், சரி. இதுக்கு இத்தனி சாக்பீஸ் கைக்கு, எதுக்கு?" என்று பாய் எழுந்து போனார்.

லாரி ஓடிய முதல் நாள் போலாரம் வரை அவரோடு போய் வந்தாள். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. "பெட்ரோல் நாத்தத்துல கொடலே வாய்க்கு வந்துச்சுடி" என்றாள் என்னிடம். போகாதே அக்கா என்றேன். "நாளைக்கும் போவேன்" என்றாள்.

போனாள். ஆனால் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. லாரியில், அவர் பக்கத்திலேயே, திரும்பி வரும் வழியில் போனது அவள் உயிர்.

இனி பெட்டியை முன்னால் வைக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். மேஸ்திரி காதில் வாங்கவில்லை. பைப் குறைவாகவே ஏற்றினார், இரண்டு நடையே போனார்.

ஒரு மழை நாளில், நிறைமாத வயிற்றோடு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். லாரி பக்கத்தில் வந்து நின்றது. கூச்சத்தில் நான் பின்பக்கமாக ஏறப் போனேன்.

"முன்னாடி ஒக்காரும்மா" என்றார். "காலியா போனா அவளுக்குப் பிடிக்காது."

அதற்குப் பிறகு, மூச்சு வாங்க நடக்கும் பெண்களை வழியில் பார்த்தால் அவர் லாரி நிற்காமல் போனதில்லை.

லாரி பச்சையா நீலமா என்று எனக்கு நினைவில்லை. போலாரமா, அதற்கு இந்தப் பக்கமா என்பதும் சந்தேகம்தான். அந்த லைனில் இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். சீட்டைப் பற்றி மட்டும் யாரையும் கேட்கவேண்டாம். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.