வெந்த கல்லுக்கு நற்சான்று

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த அன்று நாகரிகம் பிறந்தது. அந்த நெருப்பில் சமைத்ததை ஒரு பெரிய தட்டின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத அளவில் வைத்த அன்று அது முழுமை பெற்றது. இதை உணராதவர்கள் எங்கள் நகரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்கள். அவர்களைப் பற்றி நமக்கென்ன பேச்சு?

எங்கள் குடும்பம் கௌரவமான குடும்பம். நாலு பேர் முன்னால் எதையும் "இது என்ன?" என்று கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. தெரிந்தால் பேசுவோம். தெரியாவிட்டால் மெதுவாகத் தலையசைப்போம். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் அரசாங்க அதிகாரியாக இருந்ததும் அப்படித்தான்.

என் மகள் ஒருவரை விரும்பினாள். பையனின் தகப்பனார் ஓய்வுபெற்ற நீதிபதி. 'உலகத்தர ரசனை' உள்ளவர். சம்பந்தம் பேச வருகிறவர்களை அவர் பன்னாட்டு உணவகத்துக்கு அழைத்துப் போய், அவர்கள் சாப்பிடும் விதத்தை வைத்துத் தீர்ப்பு வழங்குவார். மூத்த மகனுக்கு வந்த ஒரு சம்பந்தம், பெண்ணின் தகப்பனார் சூப்பை ஊதிக் குடித்த காரணத்தால் 'தள்ளுபடி' செய்யப்பட்டதாம். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

இரண்டு தாய்மார்களும் தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். ஆகவே, 'முடிவெடுக்க' தகப்பன்மார் நாங்கள் இருவரும், பிள்ளைகள் இருவரோடு உணவகத்துக்கு அனுப்பப்பட்டோம்.

வாசலில் மகள் என் காலரைச் சரிசெய்தாள். "அப்பா, என்ன வச்சாலும் முகத்தைச் சுளிக்காதீங்க. எனக்கு இவர்தான் வேணும்."

"நம்ம வீட்டு மானத்தை எனக்கு நீ சொல்லித் தரணுமாம்மா?" என்றேன்.

மதியம் ஒரு மணி, உள்ளே கும்மிருட்டு. உயர்ந்த இடங்களில் உணவைக் கண்ணால் பார்ப்பது அநாகரிகம் போலும். நாற்காலிகளுக்குச் சாய்மானம் இல்லை. எனக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

பரிமாறுகிறவர் கறுப்பு உடையில் பேராசிரியர் போல வந்து நின்றார். முதலில் ஒரு நுரையை வைத்து, அது கடலின் 'நினைவு' என்று நான்கு நிமிடம் விளக்கினார். விளக்கம் முடிவதற்குள் நுரை அடங்கிவிட்டது. வெறும் தட்டை நானும் நீதிபதியும் வெகுவாகப் பாராட்டினோம்.

அடுத்து வருவது மண்ணில் சுட்ட உருளைக்கிழங்கு, பார்வைக்குக் கல், வாய்க்கு வெண்ணெய் என்று அறிவித்து, ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். கிண்ணத்தில் ஐந்து கூழாங்கற்கள் இளஞ்சூடாக இருந்தன.

"நீங்க முதல்ல எடுத்துக்கோங்க சார்," என்றார் நீதிபதி. விசாரணை தொடங்கிவிட்டது.

பையன், "அப்பா, ஒரு நிமிஷம், அது..." என்று இழுத்தான். பெரியவர்கள் சாப்பிடும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நீதிபதி கையமர்த்தினார். எனக்கு அவர் மீது மதிப்புக் கூடியது.

இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். தாழ்ப்பாள் விழுவது போல் ஒரு சத்தம். நாற்பதாண்டு உழைத்த கடைவாய்ப்பல் முன்னறிவிப்பின்றி ஓய்வுபெற்றது. பல்லை விழுங்கினேன். கல்லைக் கன்னத்தில் ஒதுக்கினேன்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு," என்றேன்.

நீதிபதி ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தம் என்னுடையதைவிடப் பெரிது. கண்களில் நீர் திரண்டது. ஆனாலும் ரசனை விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்," என்றார்.

இப்படி ஒரு மனிதரையா நான் இத்தனை நாள் சந்திக்காமல் இருந்தேன்! கை நீட்டினேன், அவர் பற்றிக்கொண்டார். வாயில் கல் இருப்பதால் யாரும் நிபந்தனை போட முடியவில்லை. சம்பந்தம் அரை நிமிடத்தில் முடிவானது.

அப்போது பரிமாறுகிறவர் தட்டோடு திரும்பி வந்தார். "மன்னிக்கணும் ஐயா, கிழங்கு இப்பத்தான் வெந்துது. கிண்ணத்துல இருக்கறது அதைச் சூடா வைக்கிற கல்லு." சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார். மூன்றுதான் இருந்தன. பிறகு எங்கள் கன்னங்களைப் பார்த்தார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி என்னைப் பார்த்தார். இரண்டு குடும்பங்களின் மானமும் என் இடது கன்னத்தில் இருந்தது.

"தெரியும்பா," என்றேன். "கிழங்கு எங்க வேணும்னாலும் கிடைக்கும்."

நீதிபதி ஆமோதித்தார். தலைமைச் சமையல்காரரே வெளியே வந்து, எங்களை வணங்கி, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

திருமணம் சிறப்பாக நடந்தது. மூன்றே மாதத்தில் அந்த உணவகம் 'வெந்த கல்' என்ற புதிய பதார்த்தத்தை அறிமுகப்படுத்தியது. இப்போது அதற்கு இரண்டு வாரம் முன்பே இடம்பிடிக்க வேண்டும்.

போன வாரம் நானும் சம்பந்தியும் போயிருந்தோம். எங்களுக்கு மட்டும் கஞ்சி போன்ற ஒன்றைத் தனியாகச் செய்து தருகிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு தகப்பனார், எதிரே சம்பந்தியாகப் போகிறவர், நடுவே வெளிறிப்போன ஒரு பெண். தகப்பனார் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்கப்பட்டவர்கள் என்று நினைத்து எங்களைப் பார்த்தார்.

"சொல்லிடலாமா சம்பந்தி?" என்று நீதிபதி என் காதருகில் கேட்டார்.

"நமக்கு யாராவது சொன்னாங்களா?" என்றேன்.

இருவரும் அந்தத் தகப்பனாரைப் பார்த்துப் பெருமிதத்தோடு தலையசைத்தோம். அவர் கடித்தார். எங்கள் பற்களை உடைத்தது கல்தான் என்று பல் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதரின் பல்லை உடைத்தது, கௌரவமான இரண்டு குடும்பங்கள்.