அக்கா தோப்பை விட்டு விலகிய ரயில்

சூரமங்கலம்
9-7-1981

மரியாதைக்குரிய மச்சான் மருதாசலம் அவர்களுக்கு நாச்சிமுத்து வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே அக்கா என்மேல் கோபமாக இருப்பது தவிர மற்றவை சுகம் என்று நம்புகிறேன்.

யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கி மூடிய நம் பக்கத்துச் சின்ன ரயிலை மீண்டும் ஓட வைக்க ஊர்க்காரர்கள் குழு அமைத்தது தங்களுக்குத் தெரியும். பழைய பாதையில் இப்போது வீடுகளும் விசைத்தறிக் கொட்டகைகளும் வந்துவிட்டதால் புதுப் பாதை குறிக்க வேண்டியதாயிற்று. முப்பது வருடம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவன் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். டிக்கெட் கொடுப்பது வேறு, பாதை போடுவது வேறு என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. நேராகக் கோடு போட்டேன். அது அக்காவின் தென்னந்தோப்பு நடுவே போனது என் குற்றமா? அடையாளத்துக்கு நட்ட குச்சிகளை அக்கா பிடுங்கிப் புடலைப் பந்தலுக்கு ஊன்றிவிட்டார். சரியென்று மேற்கே தள்ளினேன், அங்கே பக்கத்து வயல்காரர் சரவணமுத்துவின் புதுக் கிணறு. கிழக்கே தள்ளினேன், மாரியம்மன் கோயில். கோயிலைச் சுற்றினால் பள்ளிக்கூடம், அதைச் சுற்றினால் சுடுகாடு. நான்கு நாள் உட்காரவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை, படமும் கையுமாக வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். கடைசியில் சர்வேயரிடம் காட்டினால் அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த வண்டில ஏறுனா ஏறுன எடத்துலயேதானுங்க எறங்கோணும்" என்றார்.

பிறகு சரவணமுத்துவிடம் போய்க் கெஞ்சினேன். கிணற்றை ஒதுக்கி அவர் வயலோரம் பாதை விட ஒப்புக்கொண்டார். அங்கே ஒரு நிறுத்தம் வேண்டும் என்றார், எழுதிக் கொடுத்தேன். குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, படம் நேற்றே ரிஜிஸ்டர் தபாலில் சென்னைக்குப் போய்விட்டது. அக்கா தோப்பில் ஒரு மட்டைகூட விழாது.

மச்சான், இதைத் தாங்கள்தான் அக்காவிடம் பதமாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஆவணியில் என் மகள் சௌந்திரத்துக்குக் கல்யாணம். அத்தை வராவிட்டால் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவள் அழுதுகொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே அத்தை எங்கே என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

தங்கள் தோட்டத்தில் மழை பெய்து, கிணறு நிறைந்து, குடும்பம் செழிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
நாச்சிமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அக்காவே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டுவிட்டு, "சரவணமுத்து காட்டுல ரயிலு நிக்கும், கூடப் பொறந்தவ தோப்புல நின்னா அதுக்குக் காலு நோகுமா?" என்றார். பாதையைத் திருப்பினால்தான் கல்யாணத்துக்கு வருவாராம். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். சென்னைக்கு வேறு படம் போகிறது. அக்கா மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். தோப்பில் ரயில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்பதா, களத்துப் பக்கம் நிற்பதா என்று உங்களைக் கேட்டு எழுதச் சொல்கிறார். உடனே பதில் போடவும்.