பங்கருக்குள் விசாரித்த மாப்பிள்ளை

தன்னைச் சாம்பியன் என்று ஒருவன் நம்பத் தொடங்கிவிட்டால் அவனைச் சனியன் தேடிவந்து பிடிக்கத் தேவையில்லை. அவனே போய்ச் சனியனைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவான். இதை நான் எங்கும் வாசித்து அறியவில்லை. சேற்றுக்குள் நின்று அறிந்தேன்.

பிரான்சில் இருக்கும் என் தமக்கையின் மகன் ஒருநாள் தொலைக்காட்சியில் ஒரு பந்தயத்தைப் போட்டுக் காட்டினான். வெள்ளைக்காரர்கள் சேற்றுக்குள் சைக்கிள் ஓடுகிறார்கள். ஓட முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மேடு தாண்டியதும் மறுபடி ஏறி மிதிக்கிறார்கள். கரையில் நிற்கும் சனம் மணி அடித்துக் கூத்தாடுகிறது.

"மாமா, இது பெரிய விளையாட்டு. சைக்கிளோகுறொஸ் எண்டு பேர்" என்றான்.

"மருமோன், உதை நாங்கள் சங்கக்கடைக்குப் போட்டு வாறது எண்டு சொல்லுறனாங்கள்" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பங்கீட்டுச் சாமான் வாங்கச் சங்கக்கடைக்கு நாங்கள் அப்படித்தான் போய்வந்தோம்.

தொண்ணூறுகளில், யுத்தத்தோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் நின்றது. பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த மண்ணெண்ணெயும் கண்ணில் காண்பது அரிது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனது சைக்கிளில், பொம்பிளை மாப்பிள்ளை கோயிலுக்குப் போனது சைக்கிளில். றோட்டில் தார் இருந்த இடத்தைவிடக் குழியும் கிடங்கும் இருந்த இடம் அதிகம். "றோட்டாலை ஓடினாலென்ன, தோட்டத்தாலை ஓடினாலென்ன" என்று எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் யோசித்து, மாரி முடிகிற கையோடு ஒரு ஓட்டம் வைத்தது. கோயிலடியில் வெளிக்கிட்டு, பனங்கூடல் மணலுக்குள்ளால் போய், வெங்காயத் தோட்ட வரம்புகளில் ஏறி இறங்கி, வயல் சேற்றைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்து, திரும்பக் கோயிலடிக்கு வரவேண்டும். சேத்தோட்டம் என்று அதற்குப் பெயர்.

அந்தச் சேத்தோட்டத்தின் சாம்பியன் நான். ஒருமுறை அல்ல, அடுத்தடுத்து இரண்டு முறை. (ஒரு முறை, முன்னுக்குப் போனவனுக்குச் செயின் அறுந்தது. மற்ற முறை, முன்னுக்குப் போனவனை நாய் துரத்தியது. வெற்றி வெற்றிதானே!)

சைக்கிள் பார் உரசி என் வலது தோளில் ஒரு தழும்பு இருந்தது. சனம் அதைப் பார்க்காமல் விட்டுவிடுமோ என்ற கவலையில் மார்கழிக் குளிரிலும் கை இல்லாத பெனியனோடு திரிந்தேன். அம்மா மட்டும் மசியவில்லை. "டேய் சாம்பியன், அந்தத் தழும்போடை போய் ரெண்டு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வா" என்பா.

இந்தப் புகழின் உச்சியில்தான் எனக்கு மானிப்பாயில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் பெயர் சுகந்தி. சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வேலை. தரகர் பேச்செடுத்த அன்றே நான் மானிப்பாய்க்குப் போய், அவள் வீட்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில் நின்று, அவள் பள்ளிக்கூடத்தால் வருவதைப் பார்த்துவிட்டேன். கடையில் நிற்க ஒரு காரணம் வேண்டுமே? நல்ல ரியூப்பில் நானே ஆணியால் குத்தினேன். ரியூப் கிடைக்காத அந்தக் காலத்தில் ஒருவன் தன் ரியூப்பில் தானே குத்துகிறான் என்றால் அது சாதாரண விருப்பம் அல்ல. இந்தச் சம்பந்தம் தவறினால் நான் சந்நியாசி என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் சாதகம் பொருந்தியவுடன் ஓம் என்றுவிட மாட்டார்கள். முதலில் விசாரிப்பார்கள். பெண்ணின் தகப்பன் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து, தேத்தண்ணிக் கடையிலும் சலூனிலும், "சும்மா ஒரு அலுவலா விசாரிக்கிறன்" என்று தொடங்குவார். அந்த ஒரு வசனம் காதில் விழுந்தால் போதும், என்ன அலுவல் என்று ஊருக்கே விளங்கிவிடும். பிறகு ஊர் மனம் வைத்தால் கலியாணம், வைக்காவிட்டால் இல்லை. சுகந்தியின் தகப்பன் நடராசா ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். அவர் எப்போது வருவார் என்று தெரியாமல், ஊரில் எல்லோரையும் கண்டபாட்டுக்குக் கும்பிட்டுத் திரிந்தேன்.

அந்த வருடச் சேத்தோட்டம் வந்தது. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஊரில் வந்திருந்த யேசுதாசனும் அந்தமுறை ஓடினான். கடற்தொழிலாளி. வள்ளம் தள்ளிப் பழகிய தோளுக்குச் சைக்கிள் எம்மாத்திரம்! பனங்கூடலுக்குள்ளேயே அவன் எனக்கு முன்னால் போய்விட்டான். நான் வாய்க்காலில் ஒருமுறை முழுதாக விழுந்து எழும்பி, கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் செம்மண்ணாக அவனைத் துரத்திக்கொண்டு போனேன்.

வெங்காயத் தோட்டத்துக்கு வரும்போது, குண்டு போட வரும் பொம்பரின் சத்தம் வானத்தில் கேட்டது.

பொம்பர் வந்தால் ஓட்டமாவது ஆட்டமாவது? ஓடுகிறவர்கள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கையிலிருந்த சைக்கிளைப் போட்டது போட்டபடி பாய்ந்தோம். தோட்டக்கரையில், பதுங்குவதற்குக் குழி வெட்டிப் பனங்குற்றி அடுக்கி மூடிய ஒரு பங்கர் இருந்தது. உள்ளே மாரித் தண்ணீர் முழங்கால் மட்டும் நின்றது. யேசுதாசனும் நானும் விழுந்து கிடக்க, எங்களுக்குப் பின்னால் வேட்டி சால்வையோடு ஒரு பெரியவர் வந்து இறங்கினார். அந்தத் தண்ணீரிலும் வேட்டியை ஒழுங்காக மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீர் உந்த ஓட்டக்காரரிலை ஒராளோ?"

"ஓம் ஐயா."

"அப்ப உமக்குத் தெரிஞ்சிருக்கும். தயாபரன் எண்டு ஒரு பொடியன் ஓடுறானாம். ஆள் எப்பிடி? சும்மா ஒரு அலுவலா விசாரிக்கிறன்."

தயாபரன் நான்தான். "நீங்கள் எவடம் ஐயா?" என்று மெல்லக் கேட்டேன்.

"மானிப்பாய்ப் பக்கம்."

அடி சக்கை! மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே விசாரிக்கிறார் மாமனார். முகம் முழுக்கச் சேறு. அவருக்கு ஆள் தெரியவில்லை. இப்படியொரு வசதி எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்? யேசுதாசன் வாயைத் திறக்கப் போனான். தண்ணீருக்குள் அவன் காலை நன்றாக மிதித்துவிட்டுத் தொடங்கினேன்.

"தங்கமான பொடியன் ஐயா. குடி இல்லை, வெத்திலை இல்லை. தாயிலை உயிர். பொறுமை எண்டால் அப்பிடியொரு பொறுமை..."

பொம்பர் பதிந்து வந்தது. "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு பக்கத்தில் கிடைத்ததைக் கட்டிப்பிடித்தேன். எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்தது. சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"...மற்றவையின்ரை பொருளிலை ஒரு ஈர்க்கைக்கூடத் தொடமாட்டான் ஐயா."

"அப்பிடியே?" என்றார் பெரியவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

"ஆனால் கொஞ்சம் அவசரக்காரன்" என்றான் யேசுதாசன். (அவனுக்குக் கால் நொந்திருக்க வேண்டும்.)

"நல்ல காரியமெண்டால் அவசரம், அவ்வளவுதான்" என்றேன் நான்.

பொம்பர் போய்விட்டது. யேசுதாசன் என்னைத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்து, தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். எனக்குப் பதறியது. மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோற்பதா? வெளியே சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் கறுப்பு, எல்லாம் சேறு. கைக்கு வந்ததை இழுத்து ஏறி மிதித்தேன்.

சீற் கொஞ்சம் உயரமாக இருந்தது. பதற்றத்தில் நான் குள்ளமாகிவிட்டேன் போலும் என்று நினைத்தேன். பின்னால் மண்ணெண்ணெய் மணந்தது. யாரோ மோட்டார் சைக்கிளில் ஓட்டம் பார்த்துக்கொண்டு வருகிறான், பெரிய இடத்து ரசிகனாக்கும் என்று இன்னும் இழுத்து மிதித்தேன். "பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று ஒரு குரல் பின்னாலேயே வந்தது. யேசுதாசனைப் பிடிக்கச் சொல்லி எனக்கு ஊக்கம் தருகிறார்கள் என்று எனக்குப் புல்லரித்தது. கையை உயர்த்திக் காட்டினேன்.

வயல் வந்தது. சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டேன். முதுகில் ஏதோ குளிர்ந்து வழிந்தது. வியர்வை இவ்வளவு குளிருமா என்று யோசிக்க நேரமில்லை. சேற்றின் நடுவில் யேசுதாசனைத் தாண்டினேன். என் வாழ்நாளில் அதுபோல் நான் ஓடியதில்லை. கோயிலடியில் பற்றரியில் வேலை செய்த ஒலிபெருக்கி, "முதலாவதாக எங்கள் சாம்பியன் தயாபரன்!" என்று அலறியது. அடுத்ததாக யேசுதாசன். அதற்குப் பிறகு ஒலிபெருக்கி கொஞ்சம் தடுமாறியது.

"மூன்றாவதாக... மூன்றாவதாக... உது ஆர் வேட்டியோடை வாறது?"

அவரேதான். வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையைத் தலையில் இறுக்கி, வயலைக் கடந்து, மற்ற ஓட்டக்காரரை எல்லாம் முந்திக்கொண்டு வந்தார். அவர் ஓடி வந்தது என்னுடைய சைக்கிள். அப்போதுதான் நான் பிடித்திருந்த சைக்கிளைப் பார்த்தேன். கரியரில் ஒரு பை, பைக்குள் ஒரு போத்தல், போத்தலுக்குள் ஒன்றுமில்லை. சங்கக்கடை வரிசையில் பாதி நாள் நின்று அவர் வாங்கிய மண்ணெண்ணெய் முழுக்க என் முதுகில் இருந்தது.

"கள்ளன்! என்ரை சைக்கிளைக் கொண்டு ஓடினவன் உவன்தான்!" என்று மூச்சிரைக்கக் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கழகச் செயலாளர் எனக்கு மாலை போட வந்து, என் முகத்தைத் துவாயால் துடைத்து, "ஐயா, இவர்தான் எங்கடை தயாபரன்" என்று பெருமையோடு அறிமுகம் செய்துவைத்தார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நிலம் பிளக்கவில்லை.

"ஈர்க்கைக்கூடத் தொடமாட்டானோ?" என்றார் அவர்.

வேறொருவர் சைக்கிளில் வந்ததால் என் வெற்றி செல்லாது என்றார்கள். கேடயம் யேசுதாசனுக்குப் போனது. வேட்டி ஐயாவுக்கு ஒரு பரிசு கொடுக்காமல் விடக்கூடாது என்று சனம் கூச்சல் போட, குளிக்கிற சவர்க்காரம் ஒரு கட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காத பொருள். அந்தக் கோபத்திலும் மணந்து பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது தரகரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னாராம்: "மாப்பிள்ளை வந்து வீட்டிலை விளக்கேத்துவான் எண்டு பாத்தன். உவன் இருந்த விளக்கையும் நூத்துப்போட்டான்."

சம்பந்தம் முறிந்தது. அம்மா என்னோடு கதைக்கவில்லை, சைக்கிளைத்தான் ஏசினா. நான் சாப்பிடவில்லை. சாம்பியன் தோற்றதற்காக அல்ல, அது உண்மையாகவே மறந்துபோயிற்று. மானிப்பாய்ச் சைக்கிள் கடைக்கு முன்னால் நின்று பார்த்த அந்த முகத்தை இனி நிமிர்ந்து பார்க்க முடியாதே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

கடைசியில், எங்கள் வீட்டுப் பங்கு மண்ணெண்ணெயை எடுத்துக்கொண்டு மானிப்பாய்க்குப் போனேன். அவர் படலையைத் திறந்தார். போத்தலை நீட்டினேன்.

"ஐயா, உங்கடை எண்ணெய். கலியாணத்துக்குக் கேட்டு வரேல்லை. மன்னிப்புக் கேக்க வந்தனான்."

அவர் வாங்கவில்லை. பின்னால் சுகந்தியின் குரல் கேட்டது.

"அப்பா, உவரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ. அந்தத் தயாபரனைப் பற்றி உவருக்கு நல்லாத் தெரியுமாமே? நானும் விசாரிக்கவேணும்." வெளியே வந்தவளின் கண்ணில் சிரிப்பு நிறைந்திருந்தது. "சொல்லுங்கோ, ஆள் எப்பிடி?"

"சரியான விசரன்" என்றேன். "உங்கடை வீட்டுக்கு எதிர்க் கடையிலை நிக்கிறதுக்காக நல்ல ரியூப்பிலை ஆணியாலை குத்துறவன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நடராசா மாஸ்டர் அப்போதுதான் போத்தலை வாங்கினார்.

"தம்பி, பங்கருக்குள்ளை நீர் கட்டிப்பிடிச்சது என்ரை தலையை. அம்மா அம்மா எண்டு குழறிப்போட்டு, பொம்பர் திரும்பமுதல் மிச்சப் பொய்யைச் சொன்னீர். அந்த நடுக்கத்திலையும் உமக்கு என்ரை பிள்ளையைக் கட்டவேணும் எண்டது மறக்கேல்லை. உதை யோசிச்சு யோசிச்சு எனக்கு நித்திரை இல்லை." படலையை முழுதாகத் திறந்தார். "உள்ளை வாரும். சைக்கிளைப் பூட்டிப்போட்டு வாரும்."

கலியாணம் நடந்தது. தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமமே வீடுவாசலை விட்டு எழும்பி நடந்தபோது, எங்கள் சின்ன மகள் பாரில், நடராசா மாமா பின் கரியரில், சுகந்தி மூட்டையோடு பக்கத்தில். மழை. விடிந்தும் நாங்கள் வெளியேறும் வழியில் இருந்த நாவற்குழிப் பாலத்துக்கு வந்து சேரவில்லை. முன்னாலும் பின்னாலும் சனம், காலுக்குக் கீழே சேறு. போக வழியில்லாத ஓரிடத்தில் மாமாவைக் கையில் பிடித்து இறக்கி, மகளைச் சுகந்தியிடம் கொடுத்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் சொருகியதிலிருந்து மாமா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சுகந்தியும் அழுகையை அடக்கிக்கொண்டுதான் வந்தாள். எனக்கு அவர்களைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

என் பெனியனைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்த மாமா திடீரென்று கேட்டார்:

"தம்பி, வடிவாப் பாத்தனீரோ? உது எங்கடை சைக்கிள்தானே?"

முதலில் சுகந்திக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு எனக்கும். ஏன் என்று தெரியாமல் மகளும் சிரித்தாள். பக்கத்தில் மூட்டையோடு நடந்த முன்பின் தெரியாத சனம், இவர்களுக்கு விசர் பிடித்துவிட்டதாக்கும் என்று எங்களைப் பார்த்தது.

மாமா காலமாகி வருடங்களாகிவிட்டன. போன கோடையில் மகளைப் பார்க்க லண்டன் போய், அவள் குடும்பத்தோடு ஒரு சுற்றுலாவும் போய்த் திரும்பினோம். விமான நிலையத்தில் சூட்கேசுகள் சுற்றிச் சுற்றி வர, நான் ஒன்றைத் தூக்கினேன். பின்னால் நின்ற பேரன், யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாதவன், தாய் பழக்கிய தமிழில் கேட்டான்:

"அம்மப்பா, வடிவாப் பாத்தனீங்களோ? உது எங்கடைதானே?"

கீழே வைத்துப் பார்த்தேன். எங்களுடையது இல்லை.