வாத்து கத்தவில்லை

பொம்மை கத்தவில்லை.

மயக்க மருந்து டாக்டரம்மா பச்சைத் துணிக்கடியில் குனிந்து பார்த்தார். ரப்பர் வாத்து ஆபரேஷன் மேசையில் கிடந்த கிழவரின் வலது கையில்தான் இருந்தது.

கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு. அதைத் திறந்து சுத்தம் செய்யும்போது ஆள் விழித்திருக்க வேண்டும். சொன்னவுடன் வாத்தை அமுக்க வேண்டும். கத்தினால் மூளைக்கு ரத்தம் போகிறது. கத்தாவிட்டால் போகவில்லை. இத்தனை படிப்பு படித்தவர்கள் கடைசியில் நம்பிக்கொண்டு நிற்பது குழந்தை குளிக்கும்போது விளையாடுகிற வாத்தை.

"ஐயா, அமுக்குங்க."

கிழவர் மேலே விளக்கைப் பார்த்தபடி கிடந்தார்.

கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் அந்த வாய் மூடவே இல்லை. வலிக்குக் கொஞ்சம் ஃபென்டனில் ஏற்றுவோம் என்றதும், அபினி வகை மருந்தை விட்டு ஆளை அடிமையாக்கப் பார்க்கிறீர்களா என்று சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையிலேயே டாக்டரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த வாய்க்கு இப்போது பூட்டு.

ஏற்றின வலி மருந்து கூடிவிட்டதோ என்று குறைத்தார். கிழவருக்கு வலித்தது, பல்லைக் கடித்தாரே தவிரப் பேசவில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றினால் மூளைக்குப் பாயும் என்று ஊசி போட்டார். பாய்ந்தது, வெட்டின இடத்தில். கத்தி பிடித்த பெரிய டாக்டர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, ரத்தம் சுற்றிப் போக ஒரு குழாயைச் செருகினார். வாத்து அதற்கும் மசியவில்லை.

"உங்க பேரைச் சொல்லுங்கய்யா. பேரு மட்டும் போதும்."

கிழவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

டாக்டரம்மா முடிவுக்கு வந்துவிட்டார். கையும் போச்சு, பேச்சும் போச்சு. நடந்து வந்த மனுஷனைக் கட்டையாக்கிவிட்டோமே.

உதவி டாக்டரைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் கிழவரின் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து, கை அசையவில்லை, யார் கேட்டாலும் வாய் திறக்கவில்லை என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

அந்தம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கழுத்துல கத்தி வச்சிருப்பாங்க, யார் என்ன கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க, ஒரு வெரலக்கூட ஆட்டாதீங்கன்னு உள்ள போறப்போ நாந்தான் சொல்லி அனுப்பினேன். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இன்னிக்குத்தான் டாக்டர், அந்த மனுஷன் என் பேச்சக் கேட்டிருக்காரு."