செட் ஆகாது

மனித இனத்தில் 'பாகுபாடு பார்க்காதவர்' என்றோர் உட்பிரிவு உண்டு. அடையாளம் காண்பது சுலபம்: தான் பாகுபாடு பார்ப்பதில்லை என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பார்.

நம் ரத்தப் பரிசோதனை நிலைய மேனேஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, மதம், நிறம், பால், வயது, உடற்குறை, கர்ப்பம் இவற்றைக் காட்டி யாருக்கும் வேலை மறுக்கக் கூடாது என்கிற சட்டத்துக்கே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். எங்கே? தன் நாற்காலிக்குப் பின்னால். வருகிறவர்கள் படிக்கலாம், அவர் கண்ணில் படாது.

அந்தப் பட்டியல் வந்த புதிதில் மனிதர் கலங்கித்தான் போனார். இத்தனை கதவையும் அடைத்துவிட்டால், வேண்டாதவரை எந்த வழியாக வெளியே தள்ளுவது? யோசித்து யோசித்து, எந்தப் பட்டியலிலும் இல்லாத, எந்தக் கோர்ட்டிலும் சிக்காத, கேட்பவர் காதுக்குக்கூட மரியாதையாகவே ஒலிக்கிற ஒரு சொல்லைப் பிடித்துவிட்டார்.

அன்று நேர்முகத்துக்கு ஒரு பெண் வந்தாள். போன இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் தொழிலையே விட வேண்டியதுதான். ரத்தம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். நிலையத்தின் கணக்காளர் கையை நீட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எப்பம்மா குத்தப்போற?"

"எடுத்தாச்சு சார். பஞ்சை அழுத்திப் பிடிங்க."

"அடடே! இவங்களையே போட்டுடலாம் சார்."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்வை ஓரிடத்தில் நின்றது. நாகரிகம் தெரிந்தவர், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"வேலை பிரமாதம்மா. நான் வித்தியாசமே பாக்கறவன் இல்லை. ஆனா நம்ம டீமுக்கு செட் ஆகாது."

"யாருக்கு சார் செட் ஆகாது?"

"பொதுவா சொன்னேன்."

"பொதுன்னு ஒருத்தர் இங்க வேலை பாக்கறாரா? கூப்பிடுங்க சார், அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

கணக்காளர் அவசரமாகப் பஞ்சை ஆராயத் தொடங்கினார். மேனேஜர் மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அவள் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள். கடிக்க வேண்டியதுதான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: அவளிடம் மேனேஜர் எதைப் பார்த்தார் என்று நான் சொல்லவே இல்லையே. நீங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டீர்கள் அல்லவா, அது என்ன?