விபூதி ஹமீதும் வாடகை வீடும்

எண்பதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் கோபக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு பக்கம் நிறுத்தி, எதிரே விபூதி ஹமீதை மட்டும் நிறுத்தினால், ஓடுவது அந்த அத்தனை பேராகத்தான் இருக்கும். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அதைத் திட்டுவார். வேகமாகச் சுற்றினால் ஸ்விட்ச் போட்டவரைத் திட்டுவார்.

கிண்டியில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். நெற்றி நிறைய விபூதிப் பட்டை, பெயர் ஹமீது. அவருடைய அம்மா மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு, நாலாவது பிழைத்ததும் அங்கே அடங்கியிருக்கும் ஆண்டவரின் பெயரையே வைத்துவிட்டார். வீட்டில் முட்டைகூடக் கிடையாது. இது தெரியாத புது மேனேஜர் பக்ரீதுக்கு மறுநாள், "எங்கேய்யா பிரியாணி?" என்று கேட்டுத் தொலைத்தார். அடுத்த நாள் ஒரு தூக்கு நிறையப் பாகற்காய்க் குழம்பு சாதம் வந்தது. மேனேஜர் கடைசிப் பருக்கையைச் சாப்பிடும்வரை ஹமீது நகரவில்லை.

"கெஜட்டுல போட்டுப் பேரை மாத்திக்கலாமே" என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள்.

"ஏன் சார் மாத்தணும்? ஹமீதுன்னா புகழுக்குரியவன்னு அர்த்தம். துருக்கில ரெண்டு சுல்தானுக்கு இந்தப் பேரு. பாகிஸ்தான் டாங்கியை உடைச்ச நம்ம சிப்பாய் யாரு? ஹமீது. உங்க பையன் ஃபெயிலாகுறானே அல்ஜீப்ரா, ஆயிரம் வருஷம் முன்னாடியே அதுக்குப் புத்தகம் எழுதினவங்கள்ல ஒருத்தர் ஹமீது. பல்லாவரத்துல மூக்குக்கண்ணாடி விக்கிறவரும் ஹமீது. நான் மட்டும் எதுக்கு சார் விடணும்?"

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் குடியிருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மகளுக்குத் தாம்பரம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது. என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு வீடு தேடினேன். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. சேலையூரில், "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்றார்கள். டு-லெட் போர்டு அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கியது. மாடம்பாக்கத்தில் திடீரென்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினார்கள். அயோக்கியர்கள்.

கோவிலம்பாக்கத்தில் வீட்டுக்காரர் விபூதியைப் பார்த்ததுமே குளிர்ந்துபோனார்.

"வா சார், குந்து. வூடு நல்லா கீது. கெணத்துல தண்ணி வத்தவே வத்தாது."

காபி வந்தது. சாவியும் வந்தது.

"பேரு இன்னா சார்?"

"ஹமீது."

சாவி திரும்பவும் சட்டைப் பைக்குள் போனது. "தப்பா நெனச்சிக்காத சார். எனக்கு ஒண்ணுமில்ல. அக்கம்பக்கத்துல பேஜார் பண்ணுவானுங்க."

நான் பதறிப்போய், "அண்ணே, இவர் நம்மாளுதான்! பேரு மட்டும்தான் அப்படி" என்று நாகூர் வேண்டுதலை அவசர அவசரமாக ஒப்பித்தேன்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா!" என்று அவர் சாவியை எடுத்து ஹமீதின் கையில் வைத்து அழுத்தினார்.

ஹமீது அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"யாரு சார் நம்மாளு? நாளைக்கு அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் வந்து கேட்டா, அவர் யாராளு? அவருக்கும் பத்தாவது படிக்கிற பொண்ணு இருந்தா?"

சாவியைக் காபி டம்ளருக்குள் போட்டுவிட்டு வெளியே நடந்தார். நானோ அந்த வீட்டுக்காரரிடம் மன்னிப்பு வேறு கேட்டேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

கடைசியில் சிங்கப்பெருமாள் கோவிலில், தங்கை வீட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறைக்குப் போனார்கள். மகள் அங்கிருந்து ரயிலில் வந்துதான் பரீட்சை எழுதினாள். ஹமீது ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த மாதம் முழுக்க, காலையில் அவர் வரும் ரயில் நான் ஏறும் தாம்பரத்தில் நிற்கும்போது கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அவர் பக்கத்து இருக்கையில் மட்டும் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். "பைக்கு டிக்கெட் வாங்கினியாய்யா?" என்று கூடுவாஞ்சேரியிலிருந்தே பெட்டி முழுக்க அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வரும். நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். என் மேல் அவ்வளவு கோபத்தோடு, தினமும் எனக்கு இடம் பிடித்து வைத்த மனிதர் அவர் ஒருவர்தான்.